பேசின் பிரிட்ஜில் ஏன் நிற்கிறது? பழைய ரயில் கார்டு பதில் சொல்கிறேன்

சரக்கு வண்டியில் கார்டாகத் தொடங்கி, பீச்–தாம்பரம் எலக்ட்ரிக் ட்ரெயினில் முடித்தவன் நான். இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். சம்பளம் வாங்கிய வரை நான் கார்டுதான். வந்த கேள்விகளில் சில:

ஊரிலிருந்து வேகமாக வந்த வண்டி, சென்ட்ரல் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பேசின் பிரிட்ஜில் இருபது நிமிடம் நிற்கிறதே? டிரைவர் டீ குடிக்கப் போகிறாரா? (பெரம்பூர்)

அவருக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போகத்தான் ஆசை, தம்பி. அரக்கோணம் பக்கத்து லைனும் கூடூர் பக்கத்து லைனும் அங்கேதான் சேருகின்றன. போதாததற்கு, சென்ட்ரலில் ஆளை இறக்கிய காலிப் பெட்டிகளும் பராமரிப்புக்கு அங்குள்ள யார்டுக்கு வருகின்றன. உங்கள் வண்டிக்கு ஒரு பிளாட்பாரம் ஒதுக்கினால், வழியிலுள்ள ஒவ்வொரு பாயிண்ட்டும் (வண்டியை ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் தண்டவாளத் துண்டு) சரியான பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். குறுக்கே வரக்கூடிய பாதைகள் அடைபட வேண்டும். அப்புறம்தான் 'போகலாம்' என்று சிக்னல் விழும். (கைகாட்டி மரம் போய் விளக்கு வந்து எத்தனை காலமாயிற்று! பேச்சில் சிக்னல் இன்னும் 'விழுந்து'கொண்டுதான் இருக்கிறது.) எதிரே புறப்பட்ட வண்டி உங்கள் பாதையை வெட்டிக்கொண்டு போனால், அதன் கடைசிப் பெட்டி தாண்டும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வண்டி எங்கே இருக்கிறது என்று சிக்னலுக்கு எப்படித் தெரியும்? கேமராவா? (கொரட்டூர், கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் சின்ன மின்சாரம் ஓடவிடுவார்கள். அது ஒரு பக்கத் தண்டவாளக் கம்பி வழியே போய், மறுமுனையில் உள்ள ரிலேயை (மின்சாரம் இருக்கும்வரை மேலே நிற்கும் சுவிட்ச்) தூக்கிப் பிடித்து, மறுபக்கக் கம்பி வழியே திரும்பும். வண்டி உள்ளே வந்ததும் சக்கரமும் அச்சும் இரண்டு கம்பிகளையும் இணைத்துவிடும். மின்சாரம் குறுக்கு வழியில் திரும்பிவிடுவதால் ரிலே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். எனக்குப் பிடித்த இடம் இதுதான்: தண்டவாளம் உடைந்தாலும், ஒயர் அறுந்தாலும், மின்சாரம் போனாலும் அதே ரிலே விழும். வண்டி இருக்கிறது என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இல்லை என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும். பழைய கைகாட்டியும் அப்படித்தான். இழுக்கும் கம்பி அறுந்தால் எடைக்கட்டை கையை 'நில்' நிலைக்குக் கொண்டுபோய்விடும். சில இடங்களில் இந்த ஏற்பாட்டுக்குப் பதிலாக, உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் எண்ணும் கருவி இருக்கிறது.

ஒற்றை மஞ்சள், இரட்டை மஞ்சள்: என்ன வித்தியாசம்? (பல்லாவரம்)

ஒற்றை என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகு. இரட்டை என்றால் அடுத்த சிக்னலை வேகம் குறைத்துத்தான் தாண்ட வேண்டியிருக்கும், கவனம்.

ஓடும் ரயிலில் திடீரென்று விளக்கும் ஃபேனும் நின்று, சில நொடியில் வருகிறதே? (அம்பத்தூர்)

மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளுக்கு வெவ்வேறு ஃபேஸிலிருந்து மின்சாரம் வரும். அவை ஒன்றோடொன்று சேரக்கூடாது. அதனால் நடுவில் உயிரில்லாத கம்பி கொஞ்ச தூரம். மோட்டார்மேன் (எலக்ட்ரிக் ட்ரெயின் டிரைவர்) மின்சாரத்தை நிறுத்தி, ஓடிவந்த வேகத்திலேயே கடந்து, திரும்பப் போடுவார். பயப்பட ஒன்றுமில்லை.

கடைசிப் பெட்டியில் ஏன் பெரிய 'எக்ஸ்'? (திருவொற்றியூர், என் பையன் கேட்கச் சொன்னான்)

வண்டி முழுசாக வந்ததா என்று பார்க்க. நடுவில் பெட்டி கழன்று பின்னால் நின்றுவிட்டால், வருவதில் அந்தக் குறி இருக்காது. இரவில் அந்த வேலையைச் சிவப்பு வால் விளக்கு செய்யும். குறியையோ விளக்கையோ பார்க்காமல், பின்னால் வரும் வண்டிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் லைன் கிளியர், அதாவது 'லைன் காலி, வரலாம்' என்ற அனுமதி, தரமாட்டார். அண்ணனுக்குக் கல்யாணம் முடிந்தால் தம்பிக்கு 'லைன் கிளியர்' என்கிறோமே, அது இங்கிருந்து போனதுதான்.

சரக்கு வண்டிக் காலத்தில் ஒரு மழை ராத்திரி என் வால் விளக்கு அணைந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. ஒரு ஸ்டேஷனைத் தாண்டிவிட்டோம். அடுத்த ஸ்டேஷனில் நிறுத்தி, டார்ச் அடித்துப் பெட்டிகளை எண்ணிய பிறகுதான் பின்னால் நின்ற வண்டிக்கு வழி கிடைத்தது. நனைந்ததும் நான், திட்டு வாங்கியதும் நான்.

கிளம்பும்போது 'டிங் டிங்' என்று கேட்கிறதே? (கிண்டி)

கார்டு மோட்டார்மேனுக்குக் கொடுக்கும் மணி. இரண்டு அடித்தால் புறப்படு. அவரும் பதிலுக்கு இரண்டு அடிப்பார். ஒன்று அடித்தால் நிறுத்து. படியில் தொங்கிக்கொண்டு வந்த பையன்களால் நான் அடித்த ஒற்றை மணிகளுக்குக் கணக்கே இல்லை.