வைட்டமின் மாத்திரைகளை நாமாகவே வாங்கிச் சாப்பிடுவது பாதுகாப்பானதா?

"வைட்டமின் சத்துதானே, மிஞ்சினால் சிறுநீரில் போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

மூட்டுவலிக்காகச் சென்ற அவருக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதைக் கண்ட மருத்துவர், 60,000 யூனிட் கொண்ட டி3 மாத்திரையை வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரங்களுக்கு எழுதிக்கொடுத்தார். அவரோ அதை நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் போட்டுக்கொண்டதுடன், தீர்ந்ததும் சீட்டு இல்லாமலேயே மருந்துக்கடையில் மேலும் வாங்கிக்கொண்டார். எட்டு வாரங்களில் 4,80,000 யூனிட் சேர வேண்டிய உடலில் 33,60,000 யூனிட் சேர்ந்துவிட்டது. மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்பதே பொதுவான வரம்பு.

நீரில் கரையும் பி, சி வகைகளில் மிஞ்சியது பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறும் என்பது உண்மை. ஆனால் ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. டி கொழுப்புத் திசுக்களில் தங்கிவிடுகிறது. அது மிகும்போது குடல் உணவிலுள்ள கால்சியத்தை அளவுக்கு மீறி உறிஞ்ச, எலும்பிலிருந்தும் கால்சியம் கரைந்து இரத்தத்தில் இறங்குகிறது. பெரியப்பாவுக்குத் தீராத தாகமும் மலச்சிக்கலும் பசியின்மையும் வந்தபோது முதுமை என்றே எண்ணி நாங்கள் வாளாவிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. பேச்சு குழறத் தொடங்கிய பின்னரே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. மாத்திரையை நிறுத்திய பிறகும் கால்சியம் சீராகச் சில மாதங்கள் ஆயின.

நீரில் கரைபவையும் முற்றிலும் தீங்கற்றவை அல்ல: பி6 மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்கில் உட்கொண்டால் நரம்பு பழுதுபட்டுக் கால் மரத்துப்போகும். அந்த மரத்துப்போதலுக்காகவே பலர் அதை வாங்குகிறார்கள் என்பதுதான் வேதனை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள்), நுரையீரல் புற்றுநோயை 18 விழுக்காடு கூட்டியிருந்தது.

கருவுற விரும்பும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலமும், இறைச்சி, பால், முட்டை எதுவும் உண்ணாதவர்களுக்கு பி12உம் தேவைதான்; அவற்றை நான் மறுக்கவில்லை. பரிசோதனையும் அளவும் நிறுத்த வேண்டிய தேதியும் இல்லாமல் உட்கொள்வதையே வேண்டாம் என்கிறேன். இப்போது அம்மாவுக்கும் அதே வார மாத்திரையை எழுதித் தந்திருக்கிறார்கள். அட்டையில் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் அந்தந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.