மூட்டைக்குச் சீட்டு இருக்கிறதா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைதான் எங்கள் சொந்த ஊர். தாத்தா காலத்திலிருந்து பூண்டு விவசாயம். பெங்களூரு அல்சூரில் குடியேறிய நான், ஆறு வருடங்களாக ஊர்ப் பூண்டை வாங்கி, கால் கிலோ பொட்டலங்களாக 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்ற பெயரில் விற்கிறேன். புவிசார் குறியீட்டு முத்திரையும் அச்சிட்டிருக்கிறேன். வடுகபட்டிப் பூண்டுச் சந்தை விலையைவிட விவசாயிகளுக்கு எப்போதும் கூடுதலாகவே கொடுத்தேன். இப்போது ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். முன்னால் நிற்பவர் என் பெரியப்பா மகன். சென்ற வருடம் வரத்து குறைந்தபோது இரண்டு மாதம் மட்டும் யஷ்வந்த்பூர் மண்டிப் பூண்டைப் பாதிக்குப் பாதி கலந்தேன். எல்லோரும் செய்வதுதான். பிறந்த மண்ணின் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லையா? வழக்கைச் சந்திக்கத் தயாராக இருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தின் நான்கு பக்கங்களில் மூன்று பெரியப்பா மகனைப் பற்றியவை. வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் நன்றி மறந்தவரா என்பதை எந்த நீதிபதியும் விசாரிக்கப் போவதில்லை. நீங்கள் எங்கே பிறந்தீர்கள், விவசாயிக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தீர்கள் என்பதையும் விசாரிக்க மாட்டார். பொட்டலத்துக்குள் இருந்த பூண்டு எங்கே விளைந்தது, அதைக் காட்டச் சீட்டு இருக்கிறதா என்று கேட்பார். வழக்கு அவ்வளவுதான்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமை, பதிவு பெற்ற பயன்பாட்டாளர்களுக்கு உரியது. நீங்கள் அப்படிப் பதிவு செய்யவில்லை. ஆகவே முத்திரையை அச்சிட்டது தவறு, அதில் வாதாட ஒன்றுமில்லை. பெயர் விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஒரு நல்ல பிடி உண்டு. 1999-ஆம் வருடப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 22(4) பிரிவின்படி, அசல் சரக்கை முறையாக விலைக்கு வாங்கியவர், அதன் தரம் கெடாதவரை, அதைப் பொட்டலம் கட்டி மறுபடி விற்பது மீறல் ஆகாது. கலக்காமல் விற்ற மாதங்களுக்கு இந்தப் பிரிவே போதும். ஆனால் வடுகபட்டிக்கு வடமாநிலப் பூண்டும் வந்து இறங்குகிறது. 'பூண்டு, 5 மூட்டை' என்று மட்டும் எழுதிய சந்தைச் சீட்டு எதையும் நிரூபிக்காது. எந்த விவசாயி, எந்தத் தேதி, எத்தனை கிலோ என்ற கணக்கு வேண்டும்; ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் நல்லது.

கலந்த இரண்டு மாதங்களுக்கு 22(4) உதவாது. அதே சட்டத்தின் 39, 40 பிரிவுகள் பொய்யான புவிசார் குறியீட்டைப் பொருளில் இடுவதையும், அப்படிப்பட்ட பொருளை விற்பதையும், விற்பனைக்காக வைத்திருப்பதையும்கூடக் குற்றமாக்குகின்றன. ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். எல்லோரும் செய்கிறார்கள் என்பது பதில் ஆகாது. தெரியாமல் வாங்கி விற்றேன் என்று சொல்லவும் உங்களுக்கு வழியில்லை. கலந்தது உங்கள் கைதான். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பொய் லேபிளுக்குத் தனியாக 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை, நோட்டீஸுக்கு நீங்கள் என்ன பதில் எழுதப் போகிறீர்கள் என்பதுதான். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். நீலகிரியிலிருந்து தோடர் பூவேலைச் சால்வைகளை வாங்கி இங்கே விற்றவர். 2013-லேயே புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. தேவை கூடியதும் மெஷினில் பூவேலை போட்ட சால்வைகளையும் சேர்த்துவிட்டார். நோட்டீஸ் வந்ததும் கோபத்தில் எதிர்த்தரப்புக்கு வாட்ஸ்அப்பில், "பத்தில் இரண்டுதான் மெஷின் வேலை" என்று எழுதினார். பிறகு அவருடைய முந்தைய வக்கீல் அனுப்பிய பதிலில், "அனைத்தும் தோடர் பெண்கள் கையால் செய்தவை" என்று இருந்தது. சமரசப் பேச்சில் எதிர்த்தரப்பு இந்த இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, பக்கத்தில் பில்லோடு வாங்கிய ஒரு சால்வையையும் மேஜையில் விரித்துத் திருப்பிப் போட்டது. தோடர் வேலை இழையை எண்ணிப் போடுவது. அடிப்பக்கமும் மேல்பக்கம் போலவே நிறைவாக இருக்கும். அந்தச் சால்வையின் அடியில் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, மெஷினின் அடிநூலான வெள்ளை பாபின் நூல்தான் ஓடியது. ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்கு அவர் கொடுத்தார்.

நீங்கள் இரண்டு பக்கமும் விழக்கூடியவர். எனக்கு எழுதிய கடிதத்திலேயே 'பாதிக்குப் பாதி' என்று எழுதியிருக்கிறீர்கள். இதையே ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மறுபக்கம், 'கலக்கவே இல்லை' என்று பதில் அனுப்பாதீர்கள். மண்டிச் சீட்டும் யுபிஐ கணக்கும் உங்களைக் காட்டிக்கொடுக்கும். வணிக நீதிமன்றத்தில் எதிர்வாதத்தோடு உண்மை உறுதிமொழியும் தர வேண்டும். அதில் பொய் சொன்னால் பூண்டு வழக்கு பொய்ச்சாட்சி வழக்காக மாறிவிடும்.

ஆகவே சமரசம் செய்யுங்கள். வேறு ஆலோசனை என்னிடம் இல்லை. அவசரத் தடை கேட்காத வழக்கென்றால், முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும் என்று வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு சொல்கிறது. அவர்கள் தடை கேட்டு ஓடுவதற்கு முன், பெங்களூரு சித்தையா சாலையில் சமரச மையம் இருக்கும் நியாய தேகுல கட்டடத்தில் உட்கார்ந்து பேச உங்களுக்குச் சம்மதம் என்று உங்கள் வக்கீல் எழுதட்டும். அங்கே கையெழுத்தாகும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் வலு உண்டு.

அந்த வலுவே ஆபத்தும்கூட. 'இனி எக்காலத்திலும் கொடைக்கானல் என்ற பெயரைப் பயன்படுத்த மாட்டேன்' என்ற வாசகத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள். களைத்துப்போய் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறு வருடம் அசல் சரக்கையே விற்க முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். முத்திரையை எடுத்துவிடுகிறேன், கலந்த சரக்குக்கு இவ்வளவு தொகை தருகிறேன், இனி விவசாயி பெயரோடு சீட்டு வைத்துக்கொள்கிறேன். சீட்டுள்ள சரக்கை அதன் பெயரிலேயே விற்பேன். இதோடு நில்லுங்கள். இன்னொன்றும் கேட்டுப் பெறுங்கள்: விவசாயப் பொருளைப் பொட்டலம் கட்டுபவரையும் இந்தச் சட்டம் உற்பத்தியாளர் என்றே கருதுகிறது. நீங்கள் பயன்பாட்டாளராகப் பதிவு கேட்டால் ஆட்சேபிக்க மாட்டோம் என்று அவர்கள் எழுதித் தரட்டும்.

வீட்டில் மிச்சமிருக்கும் முத்திரை அச்சிட்ட உறைகளை எரித்துவிடாதீர்கள். எண்ணி, படம் எடுத்து, கட்டி வையுங்கள். எரித்தால் சாட்சியத்தை அழித்தார் என்பார்கள். உடன்பாடு கையெழுத்தாகும் வரை பெரியப்பா மகனுக்குப் போன் செய்ய வேண்டாம்.