ஹீட்டர் ராடில் 1500 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. அளந்தால் 190 வோல்ட், 5.4 ஆம்பியர்தான் காட்டுகிறது. இதிலிருந்து ரெசிஸ்டன்ஸ், வாட்ஸ் எப்படிக் கணக்கிடுவது? ராடு டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை. நீங்கள் அளந்த இரண்டு எண்களே அதற்குச் சாட்சி.

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ்: 190 ÷ 5.4 = 35.2 ஓம். இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ்: 190 × 5.4 = 1026. முதல் கணக்கு பள்ளியில் படித்த அதே ஓம் விதிதான்.

இப்போது ராடை இன்னொரு முறை பாருங்கள். 1500 வாட்ஸ் பக்கத்திலேயே 230 வோல்ட் என்றும் அச்சடித்திருக்கும். 1500ஐ 230ஆல் வகுத்தால் 6.52 ஆம்பியர்; 230 ÷ 6.52 = 35.3 ஓம். உங்கள் ராடும் அதே 35தான். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் சூட்டில் பெரிதாக மாறாது. அதனால் வோல்டேஜ் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்கும். பெருக்குகிற இரண்டு எண்ணும் குறைவதால் வாட்ஸ் ரொம்பவே அடிவாங்கும்: வோல்டேஜ் 17 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, வாட்ஸ் 32 சதவீதம் போய்விட்டது. ஒரு 20 லிட்டர் பக்கெட் தண்ணீர் 20 டிகிரி சூடேற 19 நிமிடம் போதும் என்றால், உங்கள் வீட்டில் 27 நிமிடம் ஆகும்.

"லோ வோல்டேஜில் கரண்ட் அதிகம் இழுக்கும்" என்பார்களே, அது மோட்டாருக்கு. ஹீட்டருக்கு இல்லை. மோட்டாரில் இப்படி வகுத்து ரெசிஸ்டன்ஸ் எடுக்கவும் கூடாது, அந்தக் கணக்கே வேறு.

சரி, ராடு நல்ல ராடு. எனக்குக் கவலை அந்த 190தான். ராடு ஓடாதபோது அதே பிளக்கில் எவ்வளவு காட்டுகிறது? அப்போதும் 190 பக்கம்தான் என்றால் தெரு லைனிலேயே லோ வோல்டேஜ். மின்வாரியத்தில் புகார் கொடுங்கள். ராடு இல்லாமல் 225 இருந்து, போட்டதும் 190க்கு விழுந்தால் விஷயம் வேறு. 35 வோல்ட் வழியிலேயே தங்குகிறது. 35 × 5.4 = 189 வாட்ஸ் சூடு வயரிலோ ஏதோ ஒரு ஜாயின்ட்டிலோ கொதிக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை ராடு போட வேண்டாம்.

நான் வயரிங் வேலை செய்பவன். போன மார்கழியில் ஒரு வீட்டில் "தண்ணீர் சூடாகவே மாட்டேங்குது, ராடு மாத்தணும்" என்று கூப்பிட்டார்கள். ராடு போடாமல் 222, போட்டால் 205, கரண்ட் 5.8. 17 × 5.8, கிட்டத்தட்ட 99 வாட்ஸ். ஒரு குண்டு பல்பு எரிகிற சூடு அந்த வீட்டுச் சுவருக்குள் எங்கோ இருந்தது. மெயினை அணைத்துவிட்டு மீட்டர் போர்டைத் திறந்தால், நியூட்ரல் ஒயர்கள் வந்து சேரும் பட்டையான நியூட்ரல் லிங்க்கில் ஒரு ஸ்க்ரூ லூஸ். கறுப்பு ஒயரின் மேல்தோல் பழுப்பாகி, விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. தாமிரம் கறுத்துப் போயிருந்தது. கருகினதை வெட்டி எறிந்து, புதிதாகத் தோல் சீவி இறுக்கிப் பூட்டினேன். அதே ராடைப் போட்டு அளந்தால் 219 நின்றது.