கண்ணு, அங்கே போய் ‘டவுட்’ என்று சொல்லாதீங்க

கேள்வி: சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். கோவையில் பி.இ. முடித்துவிட்டு ஆகஸ்டில் அமெரிக்கா வந்து ஓஹையோ மாநிலத்தில் எம்.எஸ். சேர்ந்தேன். இதுவரை ஒரு புரொஃபசரிடமும் தனியாகப் பேசியதில்லை. மிட்டெர்மில் ஒரு பாடத்தில் 100-க்கு 52. ஆபீஸ் ஹவர்ஸுக்கு வாருங்கள் என்று வகுப்பில் பொதுவாகச் சொல்கிறார், நான் அறைக் கதவு வரை போய்விட்டுத் திரும்பிவிடுகிறேன். மார்க் குறைந்தவள் போய் நின்றால் என்ன நினைப்பார்? பேசாமல் இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: நம்ம ஊர்க் கல்லூரியில் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டால் ஏதோ வம்பு என்று அர்த்தம், அடுத்து ‘அப்பாவைக் கூட்டிட்டு வா’தான். அந்த நினைப்போடு போனால் கால் திரும்பத்தான் செய்யும். அங்கே ஆபீஸ் ஹவர்ஸ் என்பது மாணவர்களுக்கென்று அவர் ஒதுக்கி வைத்திருக்கும் நேரம். சிலபஸைத் திறந்து பாருங்கள், கிழமை, மணி, அறை எண் எல்லாம் போட்டிருக்கும். பல நாள் ஒருத்தரும் வராமல் அவர் பாட்டுக்கு மெயில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்புறம், 52 என்பது அங்கே குறைச்சலா என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. வகுப்பின் சராசரி 50-க்குப் பக்கத்தில் இருந்து, மொத்த வகுப்பையும் வைத்து கிரேடு போடுகிறவராக இருந்தால் உங்கள் கவலை பாதி வீண். அதையே முதல் கேள்வியாகக் கேட்கலாம்.

கருங்கல்பாளையம் சந்தையில் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவார்கள், வாய் திறக்காமலே ரெண்டு பேருக்கும் கணக்குப் புரிந்துவிடும். நாமும் வாத்தியாரிடம் அப்படியே பழகியிருக்கிறோம். தலையைக் குனிந்து நின்றால் போதும், பிள்ளைக்கு ஏதோ புரியவில்லை என்று அவரே பிடித்துக்கொள்வார். அங்கே இந்தத் துண்டு வியாபாரம் ஆகாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் அங்கே படிக்கப் போனபோது, முதல் ஹோம்வொர்க்கில் இருந்த ஒரு குறியீடே எனக்குத் தெரியாது. கேட்க வெட்கம். செமஸ்டர் முழுக்க மூன்றாவது வரிசையில் மரியாதையாக உட்கார்ந்திருந்து ‘சி’ வாங்கினேன். அப்புறம் நடைபாதையில் பார்த்தபோது அவர் சொன்னது இதுதான்: “நீ ஒரு தடவைகூட வரலையே, எல்லாம் புரிந்துவிட்டது என்றல்லவா நினைத்தேன்.” என் மரியாதை அவர் கணக்கில் ‘பிரச்சினை இல்லை’ என்று பதிவாகியிருக்கிறது!

சரி, போய் என்ன பேசுவது? விடைத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ‘எனக்கு எதுவுமே புரியவில்லை சார்’ என்றால் அவருக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. மூன்றாவது கணக்கில் இந்த வரி வரைக்கும் வந்தேன், இங்கிருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். கூடவே, ‘டவுட் இருக்கிறது’ என்று ஆரம்பிக்காதீர்கள். நமக்கு டவுட் என்றால் சந்தேகம் கேட்பது. அவர்கள் காதில் அது ‘நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை’ என்று விழும். ‘கொஸ்டின்’ என்று சொல்லிவிடுங்கள். மெயிலில் ‘ரெஸ்பெக்டட் சார்’ வேண்டாம், டியர் புரொஃபசர் என்று குடும்பப் பெயரைச் சேர்த்து, எந்தப் பாடம், என்ன கேள்வி, எப்போது வரலாம் என்று நாலே வரி. அவரே முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னாலும், ஆட்டுக்குட்டியைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடுகிற ஊர்க்காரருக்கு அது வாயில் வராது. வராவிட்டால் புரொஃபசர் என்றே சொல்லிக்கொண்டு இருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பாடத்தை விடுவதில் மட்டும் அவசரப்படாதீர்கள். நீங்கள் எஃப்-1 விசாவில் இருப்பீர்கள், முழுநேர மாணவியாக இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு உண்டு. செமஸ்டருக்கு இளங்கலைக்கு 12 கிரெடிட், முதுகலைக்கு உங்கள் பல்கலைக்கழகம் வைத்த அளவு, பல இடங்களில் 9. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி முன்கூட்டியே ஒப்புதல் தராமல் அதற்குக் கீழே இறங்கினால் விசா நிலையே போய்விடும். இதில் ஒரு நல்ல சங்கதியும் இருக்கிறது. அமெரிக்கப் பாடமுறை பழக்கமில்லாததால் ஆரம்பத்தில் திணறுவது, கிரெடிட்டைக் குறைத்துக்கொள்ள விதியிலேயே சொல்லியிருக்கும் காரணங்களில் ஒன்று. அப்படிக் குறைத்தாலும் பாதிக்குக் கீழே போகக் கூடாது. புரொஃபசருக்கு விசா விதி தெரியும் என்று நம்பி அவர் ‘டிராப் பண்ணிக்கோ’ என்றவுடன் பட்டனை அழுத்திவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்தது அவர் பாடம்.

கேள்வி: மகன் டெக்சாஸில் பி.எஸ். படிக்கிறான். புரொஃபசர் மெயிலுக்குப் பதிலே போடுவதில்லையாம். ஃபீஸ் கட்டுகிறவன் என்ற முறையில் நானே ஒரு மெயில் போட்டு அவன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்கலாமா?
- ஒரு தகப்பனார், காங்கயம்

பதில்: போடாதீங்க. 1974-ல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மார்க், பதிவேடு பற்றிய உரிமை எல்லாம் மாணவருக்குப் போய்விடும். நீங்கள் காட்டை விற்று ஃபீஸ் கட்டியிருந்தாலும், பையன் எழுதிக் கொடுத்துச் சம்மதிக்காத வரை புரொஃபசர் உங்களிடம் வாய் திறக்க மாட்டார். அதற்கும் மேலே, அப்பா மெயில் போட்ட பையன் என்று அவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

பதில் வராததற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமாக இருக்கும். நூறு, இருநூறு பேர் வகுப்பாக இருந்தால் மெயில் அடியில் போய்விடும். இரண்டு வேலை நாள் பார்த்துவிட்டு அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் வகுப்பு முடிந்ததும் மேசைப் பக்கம் போய் நிற்கட்டும், இல்லாவிட்டால் புரொஃபசருக்கு உதவியாக இருக்கும் டி.ஏ.விடம் (டீச்சிங் அசிஸ்டென்ட்) போகட்டும். பேப்பரைத் திருத்துகிறவர் பல சமயம் அவர்தான். துறையில் அட்வைசர் என்று ஒருத்தர் இருப்பார், அவரையும் பார்க்கலாம். நீங்கள் பையனுக்குப் போன் பண்ணும்போது மார்க் பேச்சை ரெண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுத்த வருஷம் ஜெர்மனிக்குப் போகிறேன். அங்கேயும் இதே கதைதானா?
- மாணவர், பொள்ளாச்சி

பதில்: இல்லை, அங்கே கொஞ்சம் விறைப்பு. ஹெர் புரொஃபசர், ஃபிராவ் புரொஃபசர் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ‘நீ’க்கு ‘டூ’, ‘நீங்க’வுக்கு ‘ஸீ’ என்று தனித்தனியாக உண்டு, கொங்குப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆபீஸ் ஹவர்ஸுக்கு ஸ்பிரெக்ஷ்டுண்டே என்று பேர், மெயில் போட்டு நேரம் வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். கைபிடித்து நடத்துவதை எதிர்பார்க்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு தேர்வுக்கும் நீங்களே போர்ட்டலில் பெயர் பதிய வேண்டும். போய் இறங்கின முதல் வாரமே அந்தக் கடைசித் தேதியைப் பார்த்துக் குறித்து வையுங்கள், அது தாண்டிவிட்டால் புரொஃபசரிடம் போய் நின்றாலும் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது.