நைஜீரியாவுல ஸ்டேட் கவர்னர்னா யாரு? ஃபஷோலா கதைய வச்சு பார்க்கலாம்

நைஜீரியாவுல 36 மாநிலம், ஒவ்வொண்ணுக்கும் மக்கள் ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுக்கற கவர்னர். 4 வருஷம் ஒரு டெர்ம், அதிகபட்சம் ரெண்டு டெர்ம் தான்.

பாபாதுண்டே ஃபஷோலாவ எடுத்துக்குங்க. 1963ல பிறந்தவர், வக்கீல். லாகோஸ் மாநிலத்து கவர்னரா இருந்த டினுபுகிட்ட அவர் அலுவலகத்த கவனிக்கற தலைமை அதிகாரியா (சீஃப் ஆஃப் ஸ்டாஃப்) வேலை பாத்து, 2007ல தானே கவர்னராகி 2015 வரைக்கும் இருந்தாரு. 2008ல லாகோஸ்ல தனிப் பாதை போட்டு பிஆர்டி பஸ் விட்டாங்க.

இவ்ளோ செய்ய முடிஞ்சதுக்கு காரணம் காசு தாங்க. பெரும்பாலான மாநிலங்கள் தலைநகர் அபுஜாவுலேருந்து வர்ற எண்ணெய் பணத்துல பங்கு எப்போ வரும்னு காத்திருக்கும், லாகோஸ் மட்டும் வரி வசூல்ல தன் செலவுல பெரும்பங்க பாத்துக்குது. அப்பா மாசாமாசம் தர்ற காச எதிர்பாக்கற பிள்ளைக்கும், சொந்தமா கடை வச்சு சம்பாதிக்கற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் தான்.

எனக்கு அவர் மேல பெரிய மரியாதை வந்தது 2014 எபோலா அப்போ. ஜூலைல லைபீரியாவுலேருந்து ஒரு பயணி நோயோட லாகோஸ்ல இறங்கினாரு, அவ்ளோ நெரிசலான ஊரு, ஆனா மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து, தொடர்புல இருந்தவங்கள வீடு வீடா தேடிப் போய் கண்காணிச்சதால நைஜீரியா முழுக்க 20 பேரோட நின்னுச்சு, 8 பேர் இறந்தாங்க, அக்டோபர் 20ல உலக சுகாதார அமைப்பு எபோலா இல்லன்னு அறிவிச்சுது. கவர்னர் பதவி முடிஞ்சப்புறம் ஃபஷோலா 2023 வரை மத்திய அமைச்சரா இருந்தாரு.

கவர்னர்னதும் இந்தியாவுல மாதிரி ஜனாதிபதி நியமிக்கற ஆள்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அப்படி இல்லங்க, நம்ம முதலமைச்சர் பாக்கற வேலைய தான் அங்க கவர்னர் பாக்கறாரு.