தாமார் அரசிக்கு என்ன தைப்பது?

அன்புள்ள அக்கா,

எங்கள் கல்லூரி நாடகத்தில் ஜார்ஜியாவின் தாமார் அரசி வருகிறார். உடைகள் என் பொறுப்பு. இணையத்தில் தேடினால் சோக்காதான் கிடைக்கிறது: இடுப்போடு ஒட்டிய நீள அங்கி, மார்பில் தோட்டாப் பைகள், இடையில் குத்துவாள். படைத்தலைவர்களுக்கு அதையே தைத்துவிடலாமா? அரசிக்கு எதைப் பார்ப்பது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

சோக்கா வேண்டாம். அந்தப் பைகளில் இருப்பவை துப்பாக்கி மருந்தை அளந்து வைக்கும் குழல்கள். தாமார் ஆண்டது 1184 முதல் 1213 வரை. அவர் படையில் துப்பாக்கி ஏது? படங்களில் நீங்கள் பார்க்கும் சோக்கா பல நூற்றாண்டு பிந்தியது.

சுவரோவியங்களிலிருந்து தொடங்குங்கள். வார்த்சியா, பெத்தானியா, கின்ட்ஸ்விசி, பெர்துபானி ஆகிய நான்கு இடங்களில் தாமாரை அவர் காலத்திலேயே வரைந்திருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்தது வார்த்சியா, மலையைக் குடைந்த மடாலயம். அங்கே தந்தை மூன்றாம் கியோர்கியோடு, கையில் தேவாலயத்தின் சிறு வடிவத்தை ஏந்தி நிற்கிறார். பக்கத்து எழுத்தில் அவருக்கு நீண்ட ஆயுள் வேண்டப்படுகிறது, தந்தைக்கு அந்த வேண்டுதல் இல்லை. ஆக, தந்தை இறந்துவிட்டார். இப்போது முகத்தைப் பாருங்கள். மணமான பெண்கள் தலையையும் மோவாயையும் சுற்றிக் கட்டும் துணி அவரிடம் இல்லை. இந்த இரண்டையும் வைத்துத்தான் ஓவியம் 1184க்கும் 1186க்கும் இடைப்பட்டது என்கிறார்கள். இல்லாத ஒரு துணி காலத்தைச் சொல்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

ஒன்றில் கவனம் வேண்டும். ஓவியத்தில் இருப்பவர் காலம் வேறு, வரைந்தவர் காலம் வேறு. ஜார்ஜியாவின் கெலாத்தி மடாலயத்தில் இருக்கும் நான்காம் தாவீது மன்னரின் புகழ்பெற்ற உருவம் 16ஆம் நூற்றாண்டில் வரைந்தது. அவர் இறந்ததோ 1125இல். அப்புறம், அரசர்கள் ஓவியங்களில் பைசாந்தியப் பேரரசரைப் போல உடுத்தி நிற்பார்கள். அது அரியணைக்கான கோலம். அரண்மனைக்குள் சாதாரணமாக நடக்கும் காட்சிக்கு அதைப் போடாதீர்கள்.

ஆனால் சுவர் தையலைக் காட்டாது. அதற்கு நிஜத் துணி வேண்டும். காக்கசஸ் மலைத்தொடரின் வடபுறம் மோஷ்சேவாயா பால்கா என்ற இடத்தில், மழை படாத பாறை விளிம்புக் கல்லறைகளில் 8, 9ஆம் நூற்றாண்டு உடைகள் கெடாமல் கிடைத்தன. அவை அங்கே வாழ்ந்த ஆலானியர் என்ற வேறு மக்களுடையவை, காலத்தாலும் முந்தியவை. அப்படியே நகலெடுக்கக் கூடாது. ஆனாலும் அந்த மலைநாட்டில் பட்டுத் துணியை எப்படி மதித்தார்கள் என்பது தெரியும். லினன் அங்கியின் ஓரங்களில் மட்டும் பட்டுத் துண்டுகளை வெட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள். செல்வந்தரின் பட்டு அங்கி ஒன்றுக்கு உள்ளே அணில் ரோமம். உங்கள் கல்லூரிப் பட்ஜெட்டுக்கும் இது உதவும்: படைத்தலைவர்களுக்கு லினனில் முன்பக்கம் திறந்த நீள அங்கி, கழுத்திலும் ஓரத்திலும் பட்டுப் பட்டை.

துணி வெட்டும் முன் இயக்குநரிடம் கேளுங்கள்: தாமார் வரும் காட்சி திருமணத்துக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் அந்தத் தலைத்துணியையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.