100 புள்ளியை விட 81 எப்படிப் பெரிதாகும்?

வியாசர்பாடி டீக்கடையில் எங்கள் பசங்களுக்குள் அடிக்கடி வரும் வாக்குவாதம்தான் இது: கூடைப்பந்தில் ஒரே ஆட்டத்தில் வில்ட் சேம்பர்லின் எடுத்த 100 புள்ளி பெரிதா, கோபி பிரையண்ட் எடுத்த 81 பெரிதா?

மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை வாய்ப்பு செலவானது என்று பாருங்கள். 1962 மார்ச் 2 அன்று சேம்பர்லின் 63 முறை எறிந்து 36 போட்டார். ஃபவுலுக்குக் கிடைக்கும், ஒரு புள்ளி மதிப்புள்ள ஃப்ரீ த்ரோ 32க்கு 28. 2006 ஜனவரி 22 அன்று கோபி எறிந்தது 46, போட்டது 28, அதில் 7 தூரத்திலிருந்து போட்ட மூன்று புள்ளிக் கூடைகள். ஃப்ரீ த்ரோ 20க்கு 18.

இதற்கு ட்ரூ ஷூட்டிங் என்றொரு கணக்கு உண்டு. ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, எறிந்த எண்ணிக்கையோடு கூட்டி, இரட்டித்து, அதால் புள்ளிகளை வகுக்க வேண்டும். 0.44 எதற்கு? ஃப்ரீ த்ரோ பெரும்பாலும் இரண்டாக வரும், அதனால் ஒன்று பாதி வாய்ப்புக்குச் சமம். ஃபவுல் நடந்தும் பந்து கூடையில் விழுந்தால் கூடுதலாக ஒன்றுதான், அதற்குத் தனி வாய்ப்பு செலவாகாது; அதனால்தான் 0.5க்குச் சற்றுக் குறைவு. போட்டுப் பார்த்தால் சேம்பர்லினுக்குச் சுமார் 65 சதவீதம், கோபிக்கு 74.

சரி, சேம்பர்லின் காலத்தில் என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது, 1979இல்தான் வந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு கோபிக்கே. பாதி ஆட்டத்தில் 14 புள்ளி பின்தங்கியிருந்த கோபியின் அணியான லேக்கர்ஸ் 122-104 என்று ஜெயித்தது, அவர் இரண்டாம் பாதியில் மட்டும் 55 எடுத்ததால்.